கணக்குக் கேட்டால் கோபம் வரலாமா?



ஜொகூர்த் தோட்டங்களிலிருந்து போன நம் பிள்ளைகள் எத்தனை பேர் இன்று மார்சிலிங் வட்டாரத்தில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார்கள் என்று யாராவது பெயர் எழுதிப் பார்த்தால், ஒரு தோட்டத்துச் செக்ரோல் அளவுக்குத் தேறும். அங்கே தங்காதவர்கள் விடியற்காலையில், மற்றவர்கள் பால்மரத்துக்குப் புறப்படும் முன்னேயே எழுந்து, மோட்டாரை உதைத்துக் கடற்பாலத்தைக் கடக்கிறார்கள். உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் பக்கத்திலேயே நிற்கிற அடுக்குமாடிகள் மார்சிலிங்தான்.

அந்த ஊருக்குப் பெயர் வந்த கதை நமக்கு அந்நியமில்லை. ரப்பரிலும் அன்னாசியிலும் பெரும்பணம் சேர்த்த லிம் நீ சூன் என்ற சீன முதலாளி, சீனாவிலிருந்த தம் பூர்வீக ஊரின் பெயரை அங்கே கொண்டுவந்து வைத்தார். வடக்குச் சிங்கப்பூரில் ஒரு காலத்தில் பால்மரம் நின்ற வட்டாரம் அது. மரம் போய் மாடி வந்தது. மாட்டு வண்டி போன தடத்தில் இப்போது பஸ் ஓடுகிறது.

மாடி வந்தால் மாடிக்குரிய தொல்லையும் வரும். பத்தாவது மாடிக்குப் போகிற லிஃப்ட் நின்றுபோனால் யாரைக் கேட்பது? குப்பைத் தொட்டி வழிந்தால், நடைபாதை விளக்கு எரியாவிட்டால் யார் பொறுப்பு? நம் தோட்டத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் சுலபம். எல்லாத்துக்கும் துரைதான். அவர் செய்தால் செய்தார், இல்லாவிட்டால் இல்லை. மார்சிலிங்கில் துரை கிடையாது. அங்கே நகர மன்றம் இருக்கிறது. அதற்கு ஒவ்வொரு வீட்டுக்காரரும் மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறார். கட்டுகிறவன் கேள்வி கேட்கலாமா? கேட்டால் யார் பதில் சொல்ல வேண்டும்? பதில் சொல்கிறவர் மேல் குற்றம் வந்தால் என்ன செய்வது? இந்த வாரம் இதைத்தான் பேசப் போகிறோம்.

"சிங்கப்பூர்க்காரன் சமாச்சாரம் நமக்கு எதுக்குய்யா?" என்று கேட்காதீர்கள். கடைசி வரை வந்தால் அது நம் வீட்டு வாசலில் வந்து நிற்கும்.

துரைக்குப் பதிலாக யார்?

சிங்கப்பூரில் அரசாங்கம் கட்டிய அடுக்குமாடிகளை முதலில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகமே பராமரித்து வந்தது. 1986-ல் அங் மோ கியோவில் நகர மன்றங்களைப் பரீட்சார்த்தமாகத் தொடங்கினார்கள். 1988-ல் நகர மன்றச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதன்படி, ஒரு தொகுதியில் மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய நாடாளுமன்ற உறுப்பினர்களே அந்தத் தொகுதியின் நகர மன்றத்தையும் நடத்த வேண்டும். "யாரைத் தேர்ந்தெடுத்தாயோ அவர் உன் லிஃப்டையும் பார்ப்பார், உன் பணத்தையும் பார்ப்பார். யோசித்து ஓட்டுப் போடு" என்பதுதான் அதன் உட்பொருள்.

கட்டணத்தில் ஒரு பங்கு அன்றாடச் செலவுக்கு. இன்னொரு பங்கைச் சேமநிதியாக எடுத்து வைத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். கூரை மாற்ற, லிஃப்ட் மாற்ற, சுவருக்கு வர்ணம் அடிக்க என்று பல ஆண்டு கழித்து வருகிற பெரிய செலவுக்கான பணம் அது. வருடாவருடம் கணக்கைக் கணக்காய்வாளர் பார்த்து, அறிக்கை நாடாளுமன்றத்துக்குப் போக வேண்டும். ஒவ்வொரு மன்றமும் துப்புரவு, பராமரிப்பு, லிஃப்ட், கட்டண பாக்கி, நிர்வாக ஒழுங்கு ஆகியவற்றில் எப்படி இருக்கிறது என்று பச்சை, மஞ்சள், சிவப்பு என நிறம் போட்டு அமைச்சு வெளியிடுகிறது.

நம் பாஷையில் சொன்னால் இது பால் நிறுக்கிற ஸ்டோர் மாதிரி. தராசு நடுவில் இருக்கிறது. ஒரு பக்கம் வாளியோடு தொழிலாளி, மறுபக்கம் புத்தகத்தோடு கிராணி. தராசு முள்ளைத் தொழிலாளி எட்டிப் பார்த்தால் அந்தக் காலத்துக் கிராணிகள் சிலருக்கு மூக்கு சிவந்துவிடும். "என்னை நம்பலையா?" என்பார்கள். நம்பிக்கை வேறு, முள்ளைப் பார்ப்பது வேறு. முள்ளைக் காட்டி, சத்தமாகப் படித்து எழுதுகிற கிராணி மேல் எந்தத் தோட்டத்திலும் புகார் வந்ததில்லை. முள்ளை மறைக்கிறவர் மேல்தான், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், சந்தேகம் வரும்.

மார்சிலிங் கேட்ட கேள்வி

மார்சிலிங் மக்களுக்கே ஒரு முறை இந்தப் பதில் சொல்லும் விவகாரம் வந்தது.

2015-ல் மார்சிலிங்-இயூ டீ என்று புதிய குழுத்தொகுதி உண்டாயிற்று. நான்கு உறுப்பினர்களில் ஒருவர் ஹலிமா யாக்கோப். காவலாளியாக இருந்த இந்திய முஸ்லிம் தகப்பனாருக்குப் பிறந்து, சிறு வயதில் தகப்பனை இழந்து, தாயாரோடு சாப்பாடு விற்று வளர்ந்தவர். முப்பது ஆண்டுக்கு மேல் தொழிற்சங்கத்தில் வேலை செய்தவர். நம் இனத்துப் பெண் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம், நம் இயக்கத்துப் பெண் என்றும் சொல்லிக்கொள்ளலாம். 2017 ஆகஸ்டில் அவர் அதிபர் தேர்தலுக்காக நாடாளுமன்றப் பதவியை விட்டார். செப்டம்பரில் போட்டியின்றி அதிபரானார்.

காலியான இடத்துக்கு இடைத்தேர்தல் வரவில்லை. மற்ற மூன்று உறுப்பினர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றது அரசாங்கம். அந்தத் தொகுதியில் குடியிருந்தவரும் 2015-ல் அங்கே எதிர்க்கட்சி சார்பில் போட்டியிட்டவருமான வோங் சோக் யீ நீதிமன்றம் போனார். "நான் நாலு பேருக்கு ஓட்டுப் போட வந்தேன், ஒருவர் போய்விட்டார், அந்த இடத்தை நிரப்புங்கள்" என்பது அவர் வாதத்தின் சாரம். 2018-ல் உயர் நீதிமன்றமும் 2019-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் வழக்கைத் தள்ளின. குழுத்தொகுதியில் எல்லா உறுப்பினரும் விலகினால்தான் இடைத்தேர்தல் என்பது சட்டத்தின் பொருள் என்று தீர்ப்பாயிற்று.

தீர்ப்பு தீர்ப்புதான். ஆனால் அந்தக் கேள்வி சும்மா கேட்ட கேள்வி இல்லை. நாற்காலியில் ஒரு ஆள் இருந்தால்தானே அவரிடம் கணக்குக் கேட்க முடியும்? அந்த அம்மாள் கேட்டது ஆளைப் பற்றியல்ல, நாற்காலியைப் பற்றி. இந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேண்டியிருக்கும்.

அல்ஜுனிட் கணக்கு

நாற்காலி காலியான கதை இது. நாற்காலியில் ஆள் இருந்தும் கணக்கில் குழப்பம் வந்த கதை, தீவின் கிழக்கே அல்ஜுனிட்டில் நடந்தது. சிங்கப்பூரில் பத்தாண்டுக்கு மேல் இதைப் பற்றித்தான் காரசாரமாக வாதாடினார்கள்.

2011 மே மாதப் பொதுத்தேர்தலில் பாட்டாளிக் கட்சி அல்ஜுனிட் குழுத்தொகுதியை வென்றது. எதிர்க்கட்சி ஒன்று குழுத்தொகுதியைப் பிடித்தது அதுவே முதல் தடவை. ஏற்கெனவே அவர்கள் கையிலிருந்த ஹவ்காங்கோடு சேர்த்துப் பெரிய நகர மன்றம் நடத்த வேண்டியதாயிற்று. அவசரத்தில், எஃப்.எம்.எஸ்.எஸ். என்ற புதிய நிறுவனத்தை டெண்டர் விடாமல் நிர்வாக முகவராக அமர்த்தினார்கள். அந்த நிறுவனத்தின் சொந்தக்காரர்கள் ஒரு கணவனும் மனைவியும். அவர்களே நகர மன்றத்தின் செயலாளர், பொது மேலாளர் பதவிகளையும் வகித்தார்கள்.

எங்கே முள் மறைகிறது, பார்த்தீர்களா? வேலை செய்ததற்குப் பில் அனுப்புவது அவர்கள் நிறுவனம். வேலை சரியாக நடந்தது என்று மன்றத்தின் சார்பில் சான்று சொல்வதும் அவர்களே. பணத்துக்கு ஒப்புதல் கொடுக்கிற வரிசையிலும் அவர்களே. வாங்குகிறவனும் விற்கிறவனும் ஒரே ஆளானால் தராசு எதற்கு?

மன்றத்தின் சொந்தக் கணக்காய்வாளர்களே கணக்கு சரி என்று கையெழுத்துப் போட மறுத்தார்கள். 2014-ல் அப்போதைய நிதி அமைச்சர் தர்மன் சண்முகரத்னம் தலைமைக் கணக்காய்வாளரைப் பார்க்கச் சொன்னார். 2015 பிப்ரவரியில் அறிக்கை வந்தது. சம்பந்தப்பட்டவர்களோடு நடந்த கொடுக்கல் வாங்கலைச் சரியாகக் கண்காணிக்கவில்லை, சேமநிதிக்குப் போக வேண்டிய பணம் உரிய காலத்தில் போகவில்லை, கட்டண பாக்கிக் கணக்கு ஒழுங்காக இல்லை என்று அறிக்கை சொன்னது. நாடாளுமன்றத்தில் இரண்டு நாள் விவாதம் நடந்தது.

2017-ல் ஒரு சுயேச்சைக் குழு நியமிக்கப்பட்டு, நகர மன்றத்தின் பெயரால் அதன் பொறுப்பாளர்கள் மீதே வழக்குப் போட்டது. 2018 அக்டோபரில் நீதிபதி கண்ணன் ரமேஷ் முன்னிலையில் விசாரணை தொடங்கியது. அதே மாதம் கட்சித் தலைவர்கள் வழக்குச் செலவுக்குப் பொதுமக்களிடம் உதவி கேட்க, மூன்றே நாளில் பத்து லட்சம் வெள்ளிக்கு மேல் சேர்ந்தது. ஒரு பக்கம் "மக்கள் பணத்தை வீணடித்தார்கள்" என்ற குற்றச்சாட்டு, மறு பக்கம் தம் சொந்தப் பணத்தை எடுத்துக் கொடுக்கிற மக்கள். ஒரு மனுஷனின் நற்பெயர் எவ்வளவு சிக்கலான பொருள் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

2019 அக்டோபரில் உயர் நீதிமன்றம், லோ தியா கியாங், சில்வியா லிம் இருவரும் நம்பிக்கைப் பொறுப்பிலிருந்து தவறினார்கள் என்றது. நவம்பரில் நாடாளுமன்றம், இவர்கள் இருவரும் மன்றத்தின் பணவிவகாரங்களிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்று 52-க்கு 9 என்ற ஓட்டில் தீர்மானம் போட்டது. மேல்முறையீடு பாக்கி இருக்கிறது, அவசரப்படாதீர்கள் என்றார்கள் பாட்டாளிக் கட்சியினர். நகர மன்றம் அவர்களை விலக்க மறுத்தது. 2020 ஜனவரியில் தேசிய வளர்ச்சி அமைச்சர் தம் அதிகாரத்தைக் கொண்டு கட்டுப்பாடு விதித்தார். அப்போது அந்த அமைச்சர் யாரென்றால், மார்சிலிங்-இயூ டீ உறுப்பினரான லாரன்ஸ் வோங். 2024-ல் பிரதமரானாரே, அவர்தான்.

2022 நவம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பு வந்தது. இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். முகவரை அமர்த்தியதில் அவர்கள் நல்லெண்ணத்தோடுதான் நடந்தார்கள் என்று நீதிமன்றம் ஏற்றது. முதல் தீர்ப்பில் சொன்ன அந்த நம்பிக்கைப் பொறுப்பு சட்டப்படி அவர்களுக்கு இல்லை என்றும் சொன்னது. ஆனால் சொந்த லாபம் சம்பந்தப்பட்டவர்கள் கையிலேயே பணம் கொடுக்கும் ஏற்பாட்டை விட்டுவைத்தது கடுமையான கவனக்குறைவு என்று, பொறுப்பிலிருந்த சிலர் மேல் தீர்ப்பளித்தது. கடைசியில் 2024-ல் இரு தரப்பும் சமரசத்துக்கு வந்தன.

இதற்கிடையில் அல்ஜுனிட் மக்கள் என்ன செய்தார்கள்? 2015-ல் மயிரிழையில் அதே கட்சியை ஜெயிக்க வைத்தார்கள். அது ஓர் எச்சரிக்கை. 2020-லும் 2025-லும் ஏறத்தாழ 60 விழுக்காடு ஓட்டுக் கொடுத்தார்கள். நீதிமன்றம் தன் கணக்கைப் பார்த்தது, மக்கள் தங்கள் கணக்கைப் பார்த்தார்கள்.

ஆளுங்கட்சிக்காரர்களுக்கு மட்டும் இது வராது என்று நினைக்க வேண்டாம். 2010-ல் ஆளுங்கட்சி நகர மன்றங்கள் தங்கள் கணினி மென்பொருளை அந்தக் கட்சிக்கே சொந்தமான ஒரு கம்பெனிக்கு விற்றன. 2012 கடைசியில் இது வெளியே வந்து பெரும் கேள்வியாயிற்று. 2013-ல் அமைச்சின் ஆய்வு, சட்டமீறல் இல்லை என்றது. ஆனாலும் கேள்வி கேட்டதால்தானே ஆய்வு வந்தது? அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் தொகுதியான அங் மோ கியோவில், நகர மன்றத்தின் பொது மேலாளராக இருந்தவர் குத்தகைக்காரரிடம் சுமார் 86,000 வெள்ளி மதிப்புள்ள லஞ்சம் பெற்றதற்காக 2019-ல் சிறைத் தண்டனை பெற்றார்.

மூன்றும் ஒன்றல்ல

இப்போது நம் ஊருக்கு வாருங்கள்.

ஒரு தோட்டத்தில் கோயில் கமிட்டிச் சண்டையைத் தீர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். தோட்டத்தின் பெயர் வேண்டாம். திருவிழாப் பந்தலும் விளக்கும் பொருளாளரின் மச்சான் கடையிலிருந்து வந்திருக்கிறது. விலை ஒன்றும் அதிகமில்லை. வேறு கடையில் கேட்டிருந்தால் கூடக்கூட ஆகியிருக்கும். ஆனால் பொருளாளர் யாரிடமும் சொல்லவில்லை, ரசீதையும் கூட்டத்தில் வைக்கவில்லை. ஒருவர் கேட்டார். இவருக்குக் கோபம் வந்தது. "என்னைத் திருடன்னு சொல்றியா?" அவர் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் இவர் சொல்லிவிட்டதால் அந்தச் சொல் தோட்டம் முழுக்கப் பரவிவிட்டது. அடுத்த வருஷம் ஒரே அம்மனுக்கு இரண்டு திருவிழா. அக்கா தங்கச்சி வீட்டுக்குக்கூடப் போக்குவரத்து நின்றுபோயிற்று.

ஒரு காசு திருட்டுப் போகவில்லை, தோழர்களே. போனது முழுக்க நிம்மதிதான்.

இந்தச் சண்டையையும் சிங்கப்பூர்த் தீர்ப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மூன்று விஷயம் தனித்தனியாகத் தெரியும். அங் மோ கியோவில் நடந்தது லஞ்சம். அதற்கு ஜெயில்தான். அல்ஜுனிட்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கண்டது கவனக்குறைவு. அதற்கு ஈடு கட்ட வேண்டும், ஏற்பாட்டைத் திருத்த வேண்டும். மூன்றாவது, நமக்குப் பிடிக்காத முடிவு. அதற்கு ஓட்டுச் சீட்டுதான் மருந்து. நாம் என்ன செய்கிறோம்? மூன்றுக்கும் ஒரே பட்டம் கொடுக்கிறோம்: "திருடன்!" அதனால் நல்லவன் பொறுப்புக்கு வரப் பயப்படுகிறான். உண்மைத் திருடனோ, "எல்லாரையும்தான் சொல்றானுங்க" என்று தப்பித்துக்கொள்கிறான்.

அதே சமயம் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. "நான் ஒரு காசு எடுக்கலை" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டால் மட்டும் போதாது. நல்லெண்ணம் இருந்தது என்று ஏற்ற அதே நீதிமன்றம்தான் கவனக்குறைவு என்றும் சொன்னது. நல்லவர் என்பதற்குச் சாட்சி உங்கள் நெஞ்சு. பணம் ஒழுங்காகப் போனது என்பதற்குச் சாட்சி ரசீதுதான்.

நாற்காலியைத் தூக்கிய கதை

முன்னே ஒன்றை மனத்தில் வைக்கச் சொன்னேன்: ஆள் வேறு, நாற்காலி வேறு. ஆள் மேல் குற்றம் வந்தபோது நாற்காலியையே தூக்கிப் போட்ட கதை கடற்பாலத்தின் இரண்டு பக்கமும் உண்டு.

சிங்கப்பூரில் 1957 டிசம்பரில் நகராட்சித் தேர்தல் நடந்தது. 32 இடத்தில் 13 இடம் பிடித்த மக்கள் செயல் கட்சியின் ஓங் எங் குவான் மேயரானார். கூட்டங்களில் ஒரே கூச்சல், ஏச்சுப் பேச்சு, அதிகாரிகளோடு மோதல். தெருக் கூட்டியவர்களும் சாக்கடை வாரியவர்களும் பெரும்பாலும் நம் தமிழர்களாக இருந்த நகராட்சி அது. 1959-ல் சுயாட்சி வந்து அதே கட்சி ஆட்சியைப் பிடித்ததும் நகராட்சி மன்றத்தையே எடுத்துவிட்டு, வேலைகளை அரசாங்கத்தோடு சேர்த்துக்கொண்டது. 1988-ல் நகர மன்றச் சட்டம் வரும் வரை, ஏறக்குறைய முப்பது ஆண்டு, தம் குப்பைக்கும் சாக்கடைக்கும் பொறுப்பானவரை மக்கள் தேர்ந்தெடுக்க வழியில்லை.

நம் பக்கம்? 1951-ல் ஜோர்ஜ்டவுனில் தொடங்கி நாமும் ஊராட்சித் தேர்தல் நடத்தியவர்கள்தான். 1965 மார்ச்சில், இந்தோனேசியாவோடு மோதல் நிலவிய காலத்தில், தேர்தலை நிறுத்தி வைத்தார்கள். அமைதி திரும்பினால் தேர்தலும் திரும்பும் என்றார்கள். அதே சமயத்தில் சிரம்பான், ஜோர்ஜ்டவுன் முதலிய மன்றங்களில் முறைகேடு என்ற புகார் எழுந்து, மாநில அரசுகள் அவற்றைத் தம் கையில் எடுத்துக்கொண்டன. விசாரிக்க 1965-ல் அரச விசாரணை ஆணையம் அமைந்தது. அதன் தலைவர் நம்மவர், செனட்டர் ஆதி நாகப்பன்.

அந்த ஆணையம் நாடு முழுக்க மன்றங்களை ஆராய்ந்தது. குறைகளை மூடி மறைக்கவில்லை. ஆனாலும் 1968-ல் முடித்த அறிக்கையில், மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றங்களே வேண்டும் என்றுதான் பரிந்துரைத்தது. கிணற்றில் தவளை செத்துக் கிடந்தால் தவளையை எடுத்து, தண்ணீரை இறைத்து, கிணற்றைச் சுத்தம் பண்ணு. கிணற்றைத் தூர்த்துவிட்டால் நாளைக்குக் குடிக்க என்ன செய்வாய்? ஒரு தமிழர் தலைமையில் வந்த அந்த அறிக்கையின் கருத்தை நம் வீட்டுப் பாஷையில் இப்படித்தான் சொல்ல வேண்டும்.

அரசாங்கம் கேட்கவில்லை. 1976-ல் வந்த ஊராட்சிச் சட்டம் தேர்தலை அடியோடு எடுத்துவிட்டது. மோதல் தீர்ந்து எத்தனையோ காலம் ஆயிற்று. 2012-ல் பினாங்கு சட்டமன்றம் தேர்தலைத் திருப்பிக் கொண்டுவரச் சட்டம் செய்தது. 2014-ல் கூட்டரசு நீதிமன்றத்தில் அந்த முயற்சி தோற்றது. இன்றும் நம் மன்ற உறுப்பினர்கள் மாநில அரசு நியமிப்பவர்கள்தான். தலைவரைத் தவிர்த்து 8 முதல் 24 பேர் வரை என்பது சட்டம்.

தப்புச் செய்த ஆள் சிலராக இருக்கலாம். ஓட்டை இழந்ததோ நாம் எல்லோரும்.

நம் வீட்டு வாசலில்

தோட்டத்தில் இருந்தவரை இது நம்மைப் பெரிதாக உறுத்தவில்லை. தோட்டம் தனியார் நிலம். ரோடு, தண்ணீர், ஆயாக் கொட்டகை எல்லாம் நிர்வாகத்தின் பாடு. 1990-ல் வந்த குடியிருப்புக் குறைந்தபட்ச வசதிச் சட்டமும் பொறுப்பை முதலாளி மேல்தான் வைத்தது. "மஜ்லிஸ்" என்றால் டவுனில் இருப்பவனுக்கு என்று நாம் இருந்துவிட்டோம்.

இப்போது தோட்டம் விற்றுப் போகிறது. லயன் இடிகிறது. நம் சனங்கள் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் வந்துவிட்டார்கள். வந்ததும் தெரிகிறது: சாக்கடை மஜ்லிஸ், குப்பை லாரி மஜ்லிஸ், தெருவிளக்கு மஜ்லிஸ், கடை லைசென்சு மஜ்லிஸ். கோயிலுக்குக் கொட்டகை போட்டாலும் மஜ்லிஸ்காரன் வந்து நிற்கிறான். சுக்காய் பிந்துச் சீட்டு வருஷா வருஷம் வருகிறது. ஆனால் நம் வட்டாரத்து மன்ற உறுப்பினர் யார் என்று கேட்டால் பத்தில் ஒருவருக்குக்கூடப் பெயர் தெரியவில்லை. ஓட்டு இல்லை என்பதால் கேள்வியும் இல்லை என்று நாமே முடிவு கட்டிவிட்டோம்.

கேள்விக்கு இன்னும் வழி இருக்கிறது. 1976 சட்டப்படி மன்றத்தின் கூட்டம் பொதுவாகப் பொதுமக்களும் பத்திரிகைக்காரர்களும் உட்கார்ந்து பார்க்கக்கூடிய கூட்டம். குழுக் கூட்டங்கள்தாம் உள்ளுக்குள் நடப்பவை. நம்மில் எத்தனை பேர் அந்தக் கூட்டத்தில் பின்வரிசையில் போய் உட்கார்ந்திருக்கிறோம்? நாலு தாமானிலிருந்து நாலு பேர், வேலைக்கு லீவு போட்டாவது மாதம் ஒரு முறை போய் உட்காருங்கள். பேச விடாவிட்டால் பரவாயில்லை. முள்ளை எட்டிப் பார்க்கிற கண் ஒன்று அங்கே இருந்தாலே எழுதுகிற கைக்கு ஒரு ஜாக்கிரதை வரும்.

அதற்கு முன், நம் வீட்டைச் சுத்தம் பண்ணுவோம். கோயில் கமிட்டி, பள்ளிப் பெற்றோர் சங்கம், மரணச் சகாயநிதி, நம் தொழிற்சங்கக் கிளை, எல்லாவற்றுக்கும் சொல்கிறேன்.

பொறுப்பில் இருக்கிற ஆளின் வீட்டுக் கடையில் சங்கத்துக்குச் சாமான் வாங்காதீர்கள். வாங்கியே ஆக வேண்டுமானால் கூட்டத்தில் முன்கூட்டியே சொல்லி, குறிப்பில் எழுதி, அவரைத் தவிர மற்றவர்கள் முடிவு செய்யட்டும். பில் போடுகிறவர், வேலை சரி என்கிறவர், பணம் கொடுக்கிறவர் மூன்றும் மூன்று பேராக இருக்கட்டும். மாதக் கணக்கைத் தமிழில் எழுதிப் பலகையில் ஒட்டுங்கள். தொழிற்சங்கக் கணக்குப் புத்தகத்தை உறுப்பினர் பார்க்கலாம் என்பது சட்டம். கேட்டு வருகிற தோழரை வரவேற்று நாற்காலி போடுங்கள், முகம் சுளிக்காதீர்கள்.

கேட்கிறவர்களுக்கும் ஒழுங்கு உண்டு. கேள்வியை எழுதிக் கூட்டத்தில் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் பெயர் போட்டுத் திட்டுவது கேள்வியாகாது. அது சேறு வாரி இறைக்கிற வேலை. எந்த மாதம், எந்தத் தொகை, எந்த ரசீது என்று கேளுங்கள். பதில் சொல்ல அவருக்கு நாள் கொடுங்கள். அல்ஜுனிட் வழக்கில் ஒரு நீதிமன்றம் சொன்னதை மூன்று ஆண்டு கழித்து மேல் நீதிமன்றம் பாதி மாற்றிச் சொல்லவில்லையா? படித்த நீதிபதிகளுக்கே அவ்வளவு காலம் வேண்டியிருந்தது. காப்பிக் கடையில் அரை மணி நேரத்தில் நாம் தீர்ப்புச் சொல்லிவிடலாமா?

விசாரித்துக் குற்றம் நிரூபணமானால் தயங்காதீர்கள். ஆளை மாற்றுங்கள், பணத்தை வாங்குங்கள், சட்டப்படி செய்ய வேண்டியதைச் செய்யுங்கள். ஆனால் "இனிமே கமிட்டியே வேணாம், தலைவர் பாத்துக்கட்டும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். 1965-ல் அப்படிச் சொன்னவர்களால் நாம் இழந்ததை இன்னும் திரும்பப் பெறவில்லை.

மார்சிலிங்கில் அறை எடுத்துத் தங்கியிருக்கிற நம் பிள்ளைகளுக்கு அங்கே ஓட்டு இல்லை. ஆனாலும் லிஃப்ட் கெட்டால் எந்த எண்ணுக்குப் போன் போட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிகிறது. போட்டால் ஆள் வருகிறான். வராவிட்டால் யாரிடம் புகார் சொல்வது என்றும் தெரிகிறது. ஊருக்கு லீவில் வரும்போது அவர்களை உட்கார வைத்து அதைச் சொல்லச் சொல்லுங்கள். நம் தாமானில் யாருக்குப் போன் போடுவது, போட்டு வராவிட்டால் அடுத்து யார் என்று ஒரு தாளில் எழுதி, வாசல் கதவுக்குப் பின்னால் ஒட்டச் சொல்லுங்கள்.

அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கொரு கேள்வியோடு வாருங்கள். கோபத்தை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். புத்தகத்தோடு நாங்கள் காத்திருப்போம்.